உடலைப் பழக்கும் விசுவாசம்

1924 ஜூலை 11, வெள்ளிக்கிழமை. பாரிஸ் ஒலிம்பிக்கில் 400 மீட்டர் இறுதி ஓட்டம். வெளிக்கோடித் தடத்தில் நின்ற எரிக் லிடெல் என்ற 22 வயது ஸ்காட்லாந்து இளைஞர் தலையைப் பின்னுக்குச் சாய்த்து, கைகளை வீசி, பார்ப்பவர்கள் பதறும்படி ஓடினார். 47.6 விநாடி. தங்கப் பதக்கம், புதிய ஒலிம்பிக் சாதனை. சீனாவில் ஊழியம் செய்த மிஷனரிகளின் மகன் அவர். பிறந்ததே தியென்ட்சின் நகரத்தில்தான்.

100 மீட்டர்தான் அவருடைய ஓட்டம். அதன் தகுதிச் சுற்று ஞாயிற்றுக்கிழமை வந்ததால், ஆண்டவருடைய நாளில் ஓடமாட்டேன் என்று விலகினார். இரண்டு தொடர் ஓட்டங்களையும் அதே காரணத்துக்காக விட்டார். நம் ஞாயிறு பள்ளிகளில் இந்தக் கதையைக் கேட்காத பிள்ளை குறைவு. ஆனால் கதை பெரும்பாலும் அந்த மறுப்போடு நின்றுவிடுகிறது. 1981-இல் வெளிவந்த ‘சாரியட்ஸ் ஆஃப் ஃபயர்’ படம், பாரிஸுக்குப் புறப்படும் கப்பலில் ஏறும்போதுதான் அவருக்கு ஞாயிற்றுக்கிழமை விவரம் தெரிந்ததாகக் காட்டும். உண்மையில் போட்டி அட்டவணை பல மாதங்களுக்கு முன்பே அவர் கைக்கு வந்துவிட்டது. அந்த மாதங்களில் பயிற்சியாளர் டாம் மெக்கெர்ச்சருடன் சேர்ந்து, தனக்குப் பழக்கமில்லாத 400 மீட்டருக்காகத் தன் உடலை மாற்றிப் பழக்கினார். எடின்பரோ பல்கலைக்கழகத்தில் அறிவியல் பட்டப்படிப்பின் கடைசி ஆண்டும் அதுதான்.

ஞாயிறன்று ஓட மறுக்க ஒருநாள் துணிச்சல் வேண்டும். மற்ற ஆறு நாட்களும் குளிரிலும் களைப்பிலும் பயிற்சித் தளத்துக்குப் போய் நிற்க வேறு வகைத் துணிச்சல் வேண்டும். லிடெலுக்கு இரண்டும் ஒரே கீழ்ப்படிதலின் இரண்டு முகங்கள். தமிழ்க் கிறிஸ்தவர்களாகிய நாம் முதல் முகத்தை மட்டும் பிரசங்கித்துக்கொண்டு, இரண்டாவதை மறந்து வருகிறோம் என்பது என் வருத்தம்.

பவுல் நடந்த தூரம்

“சரீரப் பயிற்சியால் பெரிய பயன் இல்லை என்று வேதமே சொல்கிறதே!” உடற்பயிற்சி பற்றிப் பேச்செடுத்தால் சபைகளில் உடனே வரும் பதில் இது. தீமோத்தேயுவுக்கு எழுதிய முதல் கடிதத்தின் நாலாம் அதிகாரத்தை மனதில் வைத்துச் சொல்கிறார்கள். அந்த இடத்தில் பவுல் செய்வது தரம் பிரிப்பது. உடலைப் பழக்குவதால் வரும் பயன் இந்த வாழ்வின் எல்லைக்குட்பட்டது. தேவபக்தியின் பயன் இதையும் தாண்டிப் போவது. சிறியது என்றவர் வேண்டாம் என்று சொல்லவில்லை.

அதை எழுதியவரின் உடலையும் நினைத்துப் பார்க்க வேண்டும். சிரியாவின் அந்தியோகியாவிலிருந்து ஆசியா மைனரின் மலைப்பாதைகள் வழியே எபேசு வரை சென்றவர். பகலில் கூடாரம் தைக்கும் கைத்தொழில். அவர் ஆண்டவர் என்று அழைத்தவரோ தச்சர். கலிலேயாவுக்கும் எருசலேமுக்கும் இடையே நூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட தூரத்தைத் திரும்பத் திரும்ப நடந்தவர். அந்தக் காலத்து விசுவாசிக்கு நடைப்பயிற்சி என்று தனியாக ஒன்று தேவைப்படவில்லை. நாமோ ஆலயத்துக்கு மூன்று தெரு தாண்டவும் வண்டியை எடுக்கிறோம். ஆராதனை, பிறகு கூட்டம், பிறகு சாப்பாடு என்று எல்லாவற்றையும் உட்கார்ந்தே முடிக்கிறோம். நடந்தே தேய்ந்த ஒருவர் எழுதிய வரியை, நடக்காதிருக்க நாம் சாட்சியாக அழைப்பது நியாயமில்லை.

கொரிந்தியருக்கு எழுதிய முதல் கடிதத்தில் பவுலே பந்தய மைதானத்துக்குள் இறங்கிவிடுகிறார். கொரிந்து நகரத்தின் அருகே இஸ்த்மியாவில் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பெரிய விளையாட்டு விழா நடக்கும். வெற்றி பெற்றவருக்குத் தலையில் சூட்டப்பட்டது பைன் இலையாலோ காட்டுச் செலரித் தழையாலோ கட்டிய வளையம். ஒலிம்பியாவுக்குப் போகிற வீரர் பத்து மாதம் முறையாகப் பயிற்சி செய்ததாகச் சத்தியம் செய்தாக வேண்டும். வாடிப்போகும் தழைக்காகவே அவ்வளவு கட்டுப்பாடு என்றால், வாடாததை நாடுகிறவர்கள் எப்படி வாழ வேண்டும் என்பது பவுலின் கேள்வி. இலக்கில்லாமல் ஓடுவதும் காற்றில் குத்துவதும் தன் வழியல்ல என்கிறார். தன் உடலைத் தானே அடக்கிப் பணியச் செய்வதாகச் சொல்கிறார். பயிற்சி பெறும் வீரனை விசுவாசிக்கு முன்மாதிரியாக நிறுத்தத் தயங்காதவர் உடற்பயிற்சியை இகழ்ந்தார் என்பது எனக்கு ஒட்டவில்லை.

சிவப்பு முக்கோணம்

1844 ஜூனில் லண்டனில் ஜார்ஜ் வில்லியம்ஸ் என்ற ஜவுளிக்கடை ஊழியரும் அவருடைய நண்பர்களும் தொடங்கியதுதான் ஒய்.எம்.சி.ஏ. நாள் முழுதும் கடையில் நின்று, இரவில் கடை மாடியிலேயே படுத்துக்கொள்ளும் பையன்களுக்கான ஜெபக்குழு, வேதப்படிப்பு. உடற்பயிற்சிக்கூடம் பின்னால்தான் சேர்ந்தது. அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் இருந்த அதன் பயிற்சிப் பள்ளியில் லூதர் குலிக் என்பவர் 1891-இல் ஒரு முக்கோணத்தை முன்வைத்தார்: உடல், மனம், ஆவி. மூன்றில் எந்தப் பக்கம் இல்லையென்றாலும் அது முக்கோணம் அல்ல. இன்றும் நம் ஊர் ஒய்.எம்.சி.ஏ. கட்டடங்களின் நெற்றியில் இருப்பது அந்தச் சிவப்பு முக்கோணம்தான்.

அதே ஆண்டு டிசம்பரில் அதே பள்ளியில், குளிர்காலத்தில் கூரைக்குள் ஆடுவதற்கு ஓர் ஆட்டம் வேண்டும் என்று குலிக் கேட்க, இறையியல் பட்டதாரியான ஜேம்ஸ் நெய்ஸ்மித் பீச் பழக் கூடைகள் இரண்டை மாடத்தில் மாட்டி, 13 விதிகள் எழுதினார். கூடைப்பந்து பிறந்தது. நான்கு ஆண்டு கழித்து 1895-இல், பக்கத்து ஹோலியோக் ஒய்.எம்.சி.ஏ.வில் வில்லியம் மார்கன், வயதில் கொஞ்சம் மூத்தவர்களும் ஆடக்கூடியதாக வாலிபாலை உருவாக்கினார். கிறிஸ்துமஸ் விடுமுறையில் ஆலய மைதானத்தில் விளக்குக் கட்டி வாலிபால் போட்டி நடத்தும் நம் ஊர் வாலிபர்களில் எத்தனை பேருக்கு அந்த ஆட்டம் ஒரு ஜெபக்குழுவின் வழிவந்தது என்று தெரியும்?

சென்னைக்கும் இந்தக் கதையில் நேரடிப் பங்கு உண்டு. ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர் 1920-இல் இங்கே ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விப் பள்ளியைத் தொடங்கினார். இன்று நந்தனத்தில் இருக்கும் கல்லூரி அதுதான்; ஆசியாவின் முதல் உடற்கல்விக் கல்லூரி என்று பெயர் பெற்றது. இன்னொரு செய்தி: 1924-இல் லிடெல் ஓடிய அதே பாரிஸ் ஒலிம்பிக்குக்கு இந்திய அணியை அழைத்துப் போன மேலாளர் பக். ஒருவர் ஓட்டப்பந்தய வீரராகவும் மற்றவர் நம் அணியின் மேலாளராகவும், ஒரே மரபின் இரண்டு பிள்ளைகள் அந்தக் கோடையில் பாரிஸில் இருந்தார்கள். பக் 1943-இல் இறக்கும்வரை சென்னையையே தன் பணிக்களமாக வைத்திருந்தார். பிறகு நம் பள்ளிகளில் விசிலோடு நின்ற ‘டிரில் மாஸ்டர்’களில் பலர் அந்தக் கல்லூரியில் படித்து வந்தவர்கள்.

இந்த மரபு புரிந்துகொண்டிருந்த விஷயம் ஒன்று உண்டு. மன உறுதியை நம்பி அவர்கள் யாரையும் தனியே விடவில்லை. குறித்த நேரம், குறித்த இடம், நம்மை எதிர்பார்த்து நிற்கும் பத்துப் பேர். வராவிட்டால் ஏன் வரவில்லை என்று கேட்க ஒருவர். ஜெபக்கூட்டம் எப்படி நடக்கிறதோ அப்படியே பயிற்சியும் நடந்தது.

அசனமும் பாதயாத்திரையும்

2023-இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வின்படி இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் 10 கோடியே 10 லட்சம் பேர். பக்கத்திலிருக்கும் புதுச்சேரியில் பெரியவர்களில் 26.3 விழுக்காட்டினருக்குச் சர்க்கரை. வாரத்துக்கு 150 நிமிட மிதமான உடற்பயிற்சி என்ற உலக சுகாதார நிறுவனத்தின் குறைந்தபட்ச அளவைக்கூட எட்டாதவர்கள், 2022 கணக்கில், இந்தியப் பெரியவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர். ஆண்களில் 42 விழுக்காடு, பெண்களில் 57.

ஞாயிறு ஆராதனையில் வியாதியஸ்தருக்காக ஏறெடுக்கும் ஜெபத்தைக் கவனித்துக் கேளுங்கள். சர்க்கரை, இரத்த அழுத்தம், ஸ்டென்ட், டயாலிசிஸ், மூட்டுவலி. வயதாலும் வம்சத்தாலும் வருவது பாதி இருக்கலாம். மீதியைப் பற்றி நாம் ஜெபிக்கிறோம், பேசுவதில்லை. குடியைப் பற்றிப் பிரசங்கம் உண்டு. புகையைப் பற்றி உண்டு. நாற்பது வயதில் படி ஏற மூச்சு வாங்குவதைப் பற்றி மேடையில் யாரும் வாய் திறப்பதில்லை. தென்மாவட்ட சபைகளில் அசனப் பண்டிகை அழகான வழக்கம். சாதியும் வசதியும் பார்க்காமல் எல்லாரும் ஒரே பந்தியில் உட்காரும் அந்த நாளை நான் மனதார நேசிக்கிறேன். அதற்காக அண்டா அண்டாவாகச் சமைக்கத் தெரிந்த சபைக்கு, அடுத்த நாள் காலை சேர்ந்து நடக்கவும் தெரிந்திருக்க வேண்டாமா?

தெரியாது என்றும் சொல்லிவிட முடியாது. ஆகஸ்ட் கடைசியில் கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பாருங்கள். காவி உடையில், பலர் வெறுங்காலோடு, வேளாங்கண்ணி மாதா கோயிலை நோக்கி நடக்கும் கூட்டங்கள். சென்னையிலிருந்து முந்நூறு கிலோமீட்டர். பாட்டிமார் நடக்கிறார்கள், எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் நடக்கிறார்கள், ஆண்டு முழுதும் கணினி முன் உட்கார்ந்திருப்பவர்கள் நடக்கிறார்கள். எப்படி முடிகிறது? நேர்ச்சை இருக்கிறது. போய்ச் சேர வேண்டிய இடமும், செப்டம்பர் 8 என்ற நாளும் இருக்கின்றன. கூட வருகிறவர்கள் பாடிக்கொண்டே வருகிறார்கள். உடற்பயிற்சிக்கூடத்தில் ஓராண்டுக் கட்டணம் கட்டிவிட்டு மூன்றாம் வாரம் நிறுத்துகிறவருக்கு இவற்றில் ஒன்றுகூட இல்லை. நம் மக்களுக்குக் கட்டுப்பாடு கிடையாது என்ற பேச்சை இந்தப் பாதயாத்திரை ஒவ்வோர் ஆண்டும் பொய்யாக்குகிறது. திருவிழா முடிந்து பேருந்தில் ஊர் திரும்பியதும் நடையும் முடிந்துவிடுவதுதான் குறை.

லோமா லிண்டா சொல்வது

நடை முடியாமல் தொடர்ந்தால் என்னவாகும் என்பதற்குக் கலிபோர்னியாவில் ஓர் ஊர் இருக்கிறது. லாஸ் ஏஞ்சலிஸுக்குக் கிழக்கே லோமா லிண்டா. ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் சபையார் அங்கே நிறையப் பேர். உடல்நலத்தைப் பேணுவது கடவுளுக்குச் செய்யும் கடமை என்பது 1860-களிலிருந்தே அந்தச் சபையின் போதனை: புகையும் மதுவும் கூடாது, காய்கறி உணவு நல்லது, உடலுழைப்பும் திறந்த வெளிக் காற்றும் வேண்டும், சனிக்கிழமை முழு ஓய்வு. கலிபோர்னியா அட்வென்டிஸ்ட்கள் 34,000 பேரைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வின் முடிவு 2001-இல் வெளியானது. அதே மாநிலத்தின் மற்றவர்களைவிட அட்வென்டிஸ்ட் ஆண்கள் 7.3 ஆண்டும் பெண்கள் 4.4 ஆண்டும் கூடுதலாக வாழ்வார்கள் என்று கணக்கிட்டார்கள். அவர்களுக்குள்ளேயே உடற்பயிற்சி, உணவு, உடல் எடை, புகை ஆகிய பழக்கங்களில் நல்லதைத் தேர்ந்தவர்களுக்கும் தேராதவர்களுக்கும் பத்து ஆண்டுவரை வித்தியாசம்.

அவர்களுடைய எல்லாப் போதனையையும் மற்ற சபைகள் ஏற்க வேண்டியதில்லை, நானும் ஏற்கவில்லை. ஆனால் உடலைப் பேணுவதைச் சபை மொத்தமும் சேர்ந்து கடைப்பிடிக்கும் ஒழுக்கமாக்கியதையும், அதன் நடுவில் ஓய்வு நாளை வைத்ததையும் பார்க்காமல் போகக்கூடாது. அதே மாநிலத்தில் சேடல்பேக் சபையின் போதகராக இருந்த ரிக் வாரன், ஞானஸ்நானம் கொடுக்கும் நாளில் ஆள் ஆளாகத் தண்ணீரிலிருந்து தூக்கி நிறுத்தும்போது, தன் சபையாரும் தானும் எவ்வளவு கனத்துவிட்டோம் என்று உணர்ந்ததாகச் சொல்லியிருக்கிறார். 2011-இல் ‘டேனியல் திட்டம்’ என்று தொடங்கி, ஆயிரக்கணக்கானோரைச் சிறு குழுக்களாகப் பிரித்து, வேதப்படிப்போடு உணவையும் நடையையும் சேர்த்தார். அங்கேயும் காரியத்தை நடத்திக்காட்டியது சிறு குழுதான்.

நாற்பதும் ஐம்பதும்

லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரை வைத்து, ஒரு புதிய செயல் பழக்கமாக எத்தனை நாள் பிடிக்கிறது என்று பார்த்தார்கள். சராசரி 66 நாள். சிலருக்கு 18 நாளில் ஒட்டிக்கொண்டது. சிலருக்கு 254 நாள் ஆகும் என்று கணக்கு வந்தது. தண்ணீர் குடிப்பது போன்றவை சீக்கிரம் படிந்தன, உடற்பயிற்சிக்கு நாள் கூடுதலாகப் பிடித்தது. நடுவில் ஒருநாள் தவறியதால் பழக்கம் கெட்டுவிடவில்லை என்பதையும் கண்டார்கள்.

இதைப் படித்தபோது எனக்குத் திருச்சபை நாட்காட்டிதான் நினைவுக்கு வந்தது. லெந்து நாட்களில் நம் வீடுகளில் எத்தனை கட்டுப்பாடு! அசைவம் கிடையாது, சினிமா கிடையாது, சிலர் காபியையே விடுகிறார்கள். இப்போது அந்த நாற்பது நாளில் நடக்கவும் சிலர் தொடங்கியிருக்கிறார்கள். ஈஸ்டர் ஞாயிறு வந்ததும் எல்லாம் அவிழ்ந்துவிடுகிறது. பழக்கம் வேர் பிடிக்கும் முன்பே பிடுங்கிவிடுகிறோம். சாம்பல் புதனில் தொடங்கி ஈஸ்டரில் நிறுத்தாமல் பெந்தெகொஸ்தே வரை கொண்டுபோனால் 95 நாட்களுக்கு மேல் ஆகிறது. துக்க காலத்தில் தவமாகத் தொடங்கியதை மகிழ்ச்சியின் காலத்தில் நன்றியாகத் தொடரலாம். நம் முன்னோர் வேறு காரணத்துக்காக வகுத்த காலம் இந்தத் தேவைக்கும் சரியாகப் பொருந்தியிருக்கிறது.

ஒருநாள் தவறினால் என்ன? நம்மில் பலர் நிறுத்துவது அங்கேதான். செவ்வாய் மழை, புதன் களைப்பு, வியாழன் குற்றவுணர்வு, வெள்ளி கைவிடல். ஜெபத்தில் நாம் இப்படி நடந்துகொள்வதில்லை. ஒருநாள் காலை ஜெபம் தவறியது என்று யாரும் விசுவாசத்தை விட்டுப் போவதில்லை. மறுநாள் மீண்டும் முழங்காலில் நிற்கிறோம், ஏனென்றால் நம்மை ஏற்றுக்கொள்பவர் நம் வருகைப் பதிவேட்டைப் பார்த்து ஏற்றுக்கொள்ளவில்லை. கிருபையை நம்புகிறவர்களுக்கு உடற்பயிற்சியில் பெரிய அனுகூலம் இதுதான் என்று நினைக்கிறேன். காலை ஜெபம் முடிந்து எழுந்த கையோடு செருப்பை மாட்டுகிறவர்களை எனக்குத் தெரியும். ஜெபப் பட்டியலில் ஒரு தெருவுக்கு ஒரு பெயர் என்று வைத்து நடக்கிறார்கள். இருக்கிற பழக்கத்தோடு புதியதைக் கட்டிவிட்டால் நினைவூட்டல் தேவையில்லை.

எதற்காக இல்லை

எச்சரிக்கை ஒன்றும் சொல்லியாக வேண்டும். உடல் பரிசுத்த ஆவியின் ஆலயம் என்ற பவுலின் போதனையை எடுத்துக்கொண்டு, பருத்தவர்களைக் குத்திக் காட்டுகிறவர்கள் சபைக்குள் இருக்கிறார்கள். பவுல் அதை எழுதியது பாலியல் ஒழுக்கத்தைப் பற்றிய இடத்தில். எடை மெஷினை மனதில் வைத்து அல்ல. அந்தப் பவுலின் உடலிலும் நீங்காத ஒரு முள் இருந்தது. தைராய்டு மாத்திரை சாப்பிடும் பெண், பிரசவத்துக்குப் பின் தேறிவரும் தாய், சக்கர நாற்காலியில் வரும் அண்ணன், இவர்கள் எல்லாரும் அதே ஆலயங்கள்தான். மெலிந்த உடல் பக்திக்குச் சான்றிதழ் ஆகாது. புஜத்தைப் படம் எடுத்து அதன்கீழே வேதவசனம் போடுவதும் எனக்கு உவப்பாக இல்லை.

நீண்ட ஆயுளுக்கு இது உத்தரவாதமும் அல்ல. பாரிஸ் வெற்றிக்கு அடுத்த ஆண்டே லிடெல் புகழை விட்டுச் சீனாவுக்குப் போய் ஆசிரியரானார், பிறகு கிராம ஊழியத்தில் நடந்தும் சைக்கிள் மிதித்தும் அலைந்தார். 1943-இல் ஜப்பானியர் அவரை வெய்சியன் முகாமில் அடைத்தார்கள். 1945 பிப்ரவரி 21 அன்று மூளைக் கட்டியால் அங்கேயே இறந்தார். வயது 43. அவ்வளவு பழக்கிய உடல்.

அந்த உடலால் அவர் செய்ததுதான் நாம் பார்க்க வேண்டியது. முகாமில் விடியுமுன் எழுந்து, கடலை எண்ணெய் விளக்கில் இன்னொருவரோடு சேர்ந்து வேதம் வாசித்தார். பிறகு முதியவர்களுக்குத் தண்ணீர் சுமந்தார், பிள்ளைகளுக்கு அறிவியல் கற்றுக்கொடுத்தார், உடைந்த ஹாக்கி மட்டைகளைத் துணி சுற்றி ஒட்டிக் கொடுத்தார். ஞாயிறுகளில் ஆட்டம் இல்லை என்பது முதலில் அவர் வைத்த ஒழுங்கு. ஆனால் நடுவர் இல்லாமல் ஞாயிறன்று பிள்ளைகள் ஆடி, அடிதடியில் முடிந்தபோது, அடுத்த ஞாயிறு அவரே விசிலோடு மைதானத்தில் வந்து நின்றார். ஒலிம்பிக் தங்கத்துக்காக ஞாயிறை விட்டுக்கொடுக்காதவர், அடைபட்டுக் கிடந்த பிள்ளைகளுக்காக விட்டுக்கொடுத்தார். தண்ணீர் சுமக்கவும் பிள்ளைகளோடு நிற்கவும் அந்தக் கால்களும் தோள்களும் அவருக்கு உதவின. உடற்பயிற்சி எதற்கு என்று என்னைக் கேட்டால் நான் காட்டும் படம் இதுதான். பேரனைத் தூக்க, வியாதியாய்க் கிடக்கும் மாமியாரைப் புரட்டிப் படுக்கவைக்க, வெள்ளம் வந்தால் பக்கத்து வீட்டுக்கு மூட்டை சுமக்க உடம்பில் பலம் வேண்டும்.

வாசல் திறக்குமா?

போதிய உடற்பயிற்சி இல்லாதவர்கள் பெண்களில் 57 விழுக்காடு என்ற எண்ணுக்குத் திரும்ப வேண்டும். அவர்களிடம் மன உறுதி இல்லை என்று யாராவது சொன்னால் நான் ஏற்கமாட்டேன். ஐந்து மணிக்கு எழுந்து ஏழரைக்குள் மூன்று டிபன் பாக்ஸ் கட்டி, பிறகு வேலைக்கு ஓடுகிறவரிடம் கட்டுப்பாட்டைப் பற்றிப் பிரசங்கிக்க யாருக்கும் தகுதி இல்லை. அவருக்கு இல்லாதது நேரமும் இடமும். இருட்டு விலகாத தெருவில் நாய். கொஞ்சம் வெளிச்சம் வந்தால் பார்வைகள். ஐம்பது வயதில் ஷூ போட்டு நடந்தால் கேலி. நேரத்தை வீட்டு ஆண்கள் கொடுக்க வேண்டும்: காலை அரைமணி அடுப்படியைப் பார்த்துக்கொள்வது ஒரு கிறிஸ்தவக் கணவருக்குப் பாரமாக இருக்கக் கூடாது.

இடம் சபையிடம் இருக்கிறது. பாளையங்கோட்டையிலும் நாசரேத்திலும் திருச்சியிலும் சென்னையிலும் நம் ஆலய வளாகங்களைப் போல மதில் சூழ்ந்து, மரம் நிறைந்து, விளக்கு எரிகிற இடம் ஊருக்குள் வேறு எங்கே இருக்கிறது? வாரத்தில் ஆறு நாள் காலையில் அவை பூட்டிக் கிடக்கின்றன. ஐந்தரை முதல் ஆறரை வரை பெண்களுக்கு வாசலைத் திறந்துவிடலாம். கிறிஸ்தவரல்லாத அக்கம்பக்கத்துப் பெண்களும் வரட்டும். பெண்கள் ஐக்கிய சங்கத்தில் இருவர் பொறுப்பெடுத்தால் கூட்டம் தானாகச் சேரும். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு நாற்காலியில் உட்கார்ந்தபடி செய்யும் பயிற்சிகளை, சபையிலேயே இருக்கும் பிசியோதெரபிஸ்ட் ஒருவர் சொல்லிக்கொடுக்கலாம். இதய நோயும் சர்க்கரையும் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டுத் தொடங்கட்டும். இதற்குக் கட்டட நிதி தேவையில்லை, வெளிநாட்டு உதவி தேவையில்லை. சி.எஸ்.ஐ. சபைகளில் சேகரக் கமிட்டியும் கத்தோலிக்கப் பங்குகளில் பங்குப் பேரவையும் அடுத்த கூட்டத்தில் ஒரு தீர்மானம் போட்டால், அடுத்த திங்கட்கிழமையே வாசலைத் திறந்துவிடலாம்.